டெர்ராஃபார்மில் அவுட்புட் எதற்கு? புதிதாகப் படிப்பவர்களுக்கு

"அவுட்புட் பிளாக்கா? அது ஒண்ணும் இல்லணா, அப்ளை முடிஞ்சதும் ஐபி அட்ரஸைக் காட்டும்." சர்வர், நெட்வொர்க்கை எல்லாம் ஃபைலில் எழுதி உருவாக்கும் கருவியான டெர்ராஃபார்மைப் படிக்கத் தொடங்கிய யாரைக் கேட்டாலும் பெரும்பாலும் இந்தப் பதில்தான் வரும். இணையத்தில் கிடைக்கும் பாடங்களும் இதைக் கடைசி இரண்டு நிமிடத்தில் இப்படித்தான் சொல்லிவிட்டுப் போகின்றன. பொய் இல்லை. ஆனால் மாட்யூல் (ஒரு ஃபோல்டரில் சேர்த்துவைத்த டெர்ராஃபார்ம் ஃபைல்கள்) எழுத ஆரம்பித்த அன்றைக்கே இந்தப் புரிதல் காலை வாரிவிடும்.

தண்டையார்பேட்டையில் ஞாயிற்றுக்கிழமைகளில் சில பசங்களுக்கு இதெல்லாம் சொல்லித் தருகிறேன். பாலிடெக்னிக் முடித்தவர்கள், பி.எஸ்சி. படித்துவிட்டு ஓ.எம்.ஆரில் சப்போர்ட் வேலை பார்ப்பவர்கள். சர்வர் உருவாக்குவது, நெட்வொர்க் போடுவது எல்லாம் மளமளவென்று வந்துவிடுகிறது. மாட்யூலுக்குள் இருந்து ஒரு மதிப்பை வெளியே எடுக்க வேண்டிய இடத்தில் வண்டி நின்றுவிடுகிறது. 'திரையில் காட்டுவது' என்று முதலிலேயே மனதில் பதிந்துவிட்டதால் வரும் சிக்கல் இது.

அவுட்புட் என்பது ஒரு மாட்யூல் தன்னைக் கூப்பிட்டவருக்குத் திருப்பிக் கொடுக்கும் மதிப்பு. திரையில் தெரிவது அதன் ஒரு சின்னப் பயன் மட்டுமே. எப்படி என்று பார்ப்போம்.

பின்னணி, சுருக்கமாக

சர்வர், நெட்வொர்க், டேட்டாபேஸ் போன்றவற்றை, அவற்றை இணையம் வழியாக வாடகைக்குத் தரும் கிளவுட் நிறுவனத்தின் வெப்சைட்டில் ஒவ்வொன்றாக கிளிக் செய்து உருவாக்காமல், என்னென்ன வேண்டும் என்று ஃபைலில் எழுதிவைத்து, அதைப் படித்து உருவாக்கித் தரும் கருவியிடம் கொடுப்பதற்குப் பெயர் இன்ஃப்ராஸ்ட்ரக்சர் ஆஸ் கோட். அந்த வகைக் கருவிகளில் அதிகம் பேர் பயன்படுத்துவது டெர்ராஃபார்ம். ஹாஷிகார்ப் நிறுவனம் 2014-இல் வெளியிட்டது. 2023-இல் அந்த நிறுவனம் லைசென்ஸை மாற்றியதும், ஓப்பன்டோஃபு என்ற கிளை தனியாகப் பிரிந்தது. இங்கே சொல்வதில் ஓரிடம் தவிர மற்றதெல்லாம் இரண்டுக்கும் பொருந்தும்.

ஃபைலில் எழுதும் ஒவ்வொரு சர்வரும் நெட்வொர்க்கும் ஒரு ரிசோர்ஸ். என்ன செய்யப்போகிறோம் என்று முன்கூட்டியே காட்டுவது பிளான். செய்து முடிப்பது அப்ளை. செய்ததையெல்லாம் குறித்துவைக்கும் கணக்குப் புத்தகம் ஸ்டேட். ஒரு ஃபோல்டரில் இருக்கும் டெர்ராஃபார்ம் ஃபைல்கள் எல்லாம் சேர்ந்தது ஒரு மாட்யூல். நாம் கமாண்ட் ஓட்டும் ஃபோல்டர் ரூட் மாட்யூல். அது கூப்பிட்டுப் பயன்படுத்தும் மற்ற ஃபோல்டர்கள் சைல்ட் மாட்யூல்கள்.

கண்டெய்னர் கதவில் எழுதியிருப்பது

எண்ணூர் நெடுஞ்சாலையில் பைக் ஓட்டியவர்களுக்கு டிரெய்லர் லாரிகளைப் பற்றி அறிமுகம் தேவையில்லை. துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். (மென்பொருளைப் பொதிந்து ஓட்டும் டாக்கர் கண்டெய்னர் என்று நினைத்துவிடாதீர்கள். நான் சொல்வது 40 அடி இரும்புப் பெட்டி.) மணலி, மாதவரம் பக்கத்து சரக்கு நிலையங்களில் சாமானை ஏற்றி, கதவைச் சாத்தி, போல்ட் சீல் அடித்துவிட்டால் அப்புறம் வழியில் யாரும் திறப்பதில்லை. சுங்கத்துறை திறக்கலாம்; அது வேறு கதை.

சிக்னலில் அடுத்தமுறை நிற்கும்போது அந்தக் கதவைக் கவனியுங்கள். மேலே 4 எழுத்துகள், 6 எண்கள், கடைசியில் கட்டத்துக்குள் ஓர் எண். ஆக மொத்தம் 11. உலகத்தில் எந்தத் துறைமுகத்துக்குப் போனாலும் அந்தப் பெட்டிக்கு அதுதான் பெயர். அதன் கீழே வெறும் பெட்டியின் எடை, சரக்கோடு சேர்த்து அதிகபட்சம் எவ்வளவு எடை இருக்கலாம் என்ற கணக்கு. கேட்டில் நிற்பவர், கிரேன் ஓட்டுபவர், கப்பலில் எந்தப் பெட்டி எங்கே என்று திட்டம் போடுபவர் எல்லாரும் இதை வைத்தே வேலையை முடித்துவிடுகிறார்கள். உள்ளே தோல் பொருளா, கார் உதிரி பாகமா, எந்த அட்டைப்பெட்டி எந்த மூலையில் என்பது கிரேன்காரருக்குத் தேவையே இல்லை. தேவைப்பட்டாலும் வெளியே எழுதியிருந்தால்தான் உண்டு.

மாட்யூல் என்பது சீல் அடித்த அந்தப் பெட்டி. உள்ளே இருப்பவை ரிசோர்ஸ்கள். கதவில் எழுதியிருப்பவை அவுட்புட்கள். எதை எழுதுவது என்று முடிவு செய்பவர் பெட்டியைத் தயார் செய்தவர், அதாவது மாட்யூலை எழுதியவர். வெளியே நிற்பவர் எழுதியிருப்பதைப் படிக்கலாம். எழுதாததை எட்டிப் பார்க்க முடியாது.

ஒரு விஷயத்தில் மட்டும் இந்த ஒப்பீடு நொண்டும். கண்டெய்னர் எண் பெட்டி செய்யும்போதே எழுதப்படுவது. அவுட்புட்டின் மதிப்போ பல சமயம் அப்ளை ஓடும்போதுதான் பிறக்கிறது. அதற்கு வருகிறேன்.

உண்மையில் எப்படி வேலை செய்கிறது

ராஜாஜி சாலையில் ஆபீஸ் வைத்திருக்கும் ஒரு ஷிப்பிங் ஏஜென்ட் என்று வைத்துக்கொள்வோம். வாடிக்கையாளர்கள் தங்கள் சரக்கு எங்கே இருக்கிறது என்று பார்க்க ஒரு சின்ன வெப்சைட் வேண்டும். அமேசான் கிளவுடில் போடுகிறோம். 'நெட்வொர்க்' என்று ஒரு மாட்யூல், 'சர்வர்' என்று இன்னொன்று. நெட்வொர்க் மாட்யூல் ஒரு சப்நெட்டை உருவாக்குகிறது. சப்நெட் என்றால் நமக்கென்று ஒதுக்கிய நெட்வொர்க்கில் ஒரு பகுதி. சர்வரை எந்தச் சப்நெட்டில் வைப்பது என்று சொல்ல, அதன் ஐடி வேண்டும். அந்த ஐடியை நாம் வைப்பதில்லை, அமேசான்தான் கொடுக்கும். 'சப்நெட்' என்று தொடங்கி, ஒரு சின்னக் கோடு, அதற்குப் பிறகு எழுத்தும் எண்ணும் கலந்து 17 இடங்கள்.

இந்த இடத்தில் எல்லாரும் முதலில் செய்வது, ரூட் மாட்யூலில் இருந்துகொண்டு நேராக அந்தச் சப்நெட்டின் பெயரை எழுதுவது. 'ரெஃபரன்ஸ் டு அண்டிக்ளேர்டு ரிசோர்ஸ்' என்று எரர் வரும். அப்படி ஒரு ரிசோர்ஸை ரூட் மாட்யூலில் அறிவிக்கவே இல்லையே என்று அர்த்தம். சரி என்று முன்னால் 'மாட்யூல் டாட் நெட்வொர்க்' சேர்த்துப் பார்ப்பார்கள். இப்போது 'அன்சப்போர்ட்டட் ஆட்ரிபியூட்' வரும். "இன்னாணா இது, உள்ள தானே கீது, ஏன் எடுக்க மாட்டேங்குது?" என்ற கேள்வி கண்டிப்பாக எழும். உள்ளேதான் இருக்கிறது. கதவில் எழுதவில்லை.

நெட்வொர்க் மாட்யூலின் ஃபோல்டருக்குள் இதைச் சேர்க்க வேண்டும். கீபோர்டில் ஆங்கிலத்தில் அடிப்பதை, வாசிக்க வசதியாக இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன்:

அவுட்புட் "சப்நெட்_ஐடி" {
  வேல்யூ = ஏடபிள்யூஎஸ்_சப்நெட்.மெயின்.ஐடி
}

முதல் வரியில் மேற்கோளுக்குள் இருப்பது வெளியே தெரியும் பெயர். அதை நாமே வைக்கலாம். 'வேல்யூ' என்ற வரி, உள்ளே எந்த ரிசோர்ஸின் எந்த விவரத்தைக் கொடுக்க வேண்டும் என்று சொல்கிறது (இங்கே, 'மெயின்' என்று நாம் பெயர் வைத்த அமேசான் சப்நெட்டின் ஐடி). இனி ரூட் மாட்யூலில், சர்வர் மாட்யூலைக் கூப்பிடும் இடத்தில் இப்படி எழுதலாம்:

சப்நெட்_ஐடி = மாட்யூல்.நெட்வொர்க்.சப்நெட்_ஐடி

இந்த ஒரு வரியில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நிறைய பேர் குழம்புவது இங்கேதான். சமக்குறிக்கு இரண்டு பக்கமும் 'சப்நெட்_ஐடி' என்று ஒரே பெயர் இருக்கிறது; இரண்டும் ஒன்று என்று நினைத்துவிடுகிறார்கள். இடது பக்கம் இருப்பது சர்வர் மாட்யூலின் இன்புட் வேரியபிள், அதாவது அந்த மாட்யூல் வெளியிலிருந்து கேட்டு வாங்கும் மதிப்பு. வலது பக்கம் இருப்பது நெட்வொர்க் மாட்யூலின் அவுட்புட். பெயர் ஒன்றாக அமைந்தது தற்செயல்தான். சர்வர் மாட்யூலில் அதை 'எங்கே_வைப்பது' என்று வைத்திருந்தாலும் வேலை நடக்கும். சந்தேகம் இருந்தால் வேண்டுமென்றே இரண்டுக்கும் வேறு வேறு பெயர் வைத்து ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். குழப்பம் அதோடு போய்விடும்.

இன்னொன்று. நெட்வொர்க் மாட்யூலும் சர்வர் மாட்யூலும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளவே இல்லை. ஒன்று இருப்பதே இன்னொன்றுக்குத் தெரியாது. நடுவில் நிற்கும் ரூட் மாட்யூல் இங்கிருந்து வாங்கி அங்கே கொடுக்கிறது. பக்கத்துப் பக்கத்து மாட்யூல்களுக்கு இதுதான் முறையான வழி.

இதுவரை பார்த்தது: சைல்ட் மாட்யூலுக்குள் இருக்கும் எதையும் வெளியே இருந்து நேராக எடுக்க முடியாது. அந்த மாட்யூல் அவுட்புட்டாகக் கொடுத்தால், 'மாட்யூல்' என்ற சொல், மாட்யூலின் பெயர், அவுட்புட்டின் பெயர் என்று புள்ளி வைத்து எழுதி வாங்கிக்கொள்ளலாம்.

இன்னும் பிறக்காத மதிப்பை எப்படிக் கொடுப்பது?

சப்நெட்டே இன்னும் உருவாகவில்லை, அதற்குள் அதன் ஐடியை எப்படிச் சர்வருக்குக் கொடுக்கிறோம்? நல்ல கேள்வி. பிளான் ஓட்டினால் அந்த இடத்தில் 'நோன் ஆஃப்டர் அப்ளை' என்று காட்டும். அப்ளை செய்த பிறகே தெரியும் என்பது அதன் பொருள். டெர்ராஃபார்ம் இப்போதைக்கு மதிப்பு வரவேண்டிய இடத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது.

அதோடு, யார் யாரை நம்பி இருக்கிறார்கள் என்று ஒரு வரைபடமும் போட்டுக்கொள்கிறது. சர்வருக்கு ஐடி வேண்டும், ஐடி அவுட்புட்டில் இருந்து வருகிறது, அவுட்புட் சப்நெட்டைப் பார்த்து நிற்கிறது. அப்படியானால் முதலில் சப்நெட், பிறகு சர்வர். 'இதை முதலில் செய், அதைப் பிறகு செய்' என்று நாம் எங்கும் எழுதவில்லை. அவுட்புட்டை எடுத்துப் பயன்படுத்தியதிலேயே வரிசை வந்துவிட்டது. பிரிண்ட் செய்யும் கட்டளைக்கு இந்தச் சக்தி கிடையாது.

இங்கே ஒரு நுணுக்கம். சர்வர் காத்திருப்பது அந்த அவுட்புட் சுட்டும் சப்நெட்டுக்காகத்தான். நெட்வொர்க் மாட்யூல் முழுதும் முடியட்டும் என்று அல்ல. அதே மாட்யூலில் சம்பந்தமில்லாத வேறு ரிசோர்ஸ் இருந்தால் அது பக்கத்தில் தன் பாட்டுக்கு ஓடும். பெரும்பாலும் இது நல்லதுதான், நேரம் மிச்சம். ஆனால் ஒரு மாட்யூல் சர்வரின் ஐபியைக் கொடுத்துவிட்டது, அந்தச் சர்வரை வெளியிலிருந்து தொட அனுமதிக்கும் ஃபயர்வால் விதியோ இன்னும் போடப்படவில்லை என்றால்? ஐபியை வாங்கியவர் தட்டிப் பார்ப்பார், கதவு திறக்காது. இதற்காக அவுட்புட் பிளாக்குக்குள் 'டிபெண்ட்ஸ் ஆன்' என்ற வரியைச் சேர்த்து, விதியும் வந்த பிறகு கொடுத்தால் போதும் என்று சொல்லலாம். இது எப்போதாவதுதான் தேவைப்படும். எல்லா அவுட்புட்டிலும் இதைத் தூவி வைத்தால் அப்ளை ஆமை வேகத்தில் போகும்.

பெட்டிக்குள் பெட்டி

ஒரு மாட்யூல் தனக்குள் இன்னொரு மாட்யூலைக் கூப்பிடலாம். நம் வெப்சைட்டுக்கு 'தளம்' என்று ஒரு பெரிய மாட்யூல் எழுதி, நெட்வொர்க்கையும் சர்வரையும் அதற்குள் வைத்துவிட்டோம் என்று கொள்ளுங்கள். இப்போது ரூட் மாட்யூலுக்கு அந்தச் சப்நெட் ஐடி தெரியுமா? தெரியாது. கண்டெய்னருக்குள் இருக்கும் அட்டைப்பெட்டியில் லேபிள் ஒட்டியிருக்கிறது, சரி. கதவுக்கு வெளியே நிற்பவருக்கு அது எப்படித் தெரியும்? 'தளம்' மாட்யூலும் தன் பங்குக்கு ஓர் அவுட்புட் எழுதி, உள்ளே இருந்து வாங்கியதை மறுபடி வெளியே கொடுக்க வேண்டும். எத்தனை அடுக்கோ அத்தனை முறை. எரிச்சலான வேலைதான், ஒப்புக்கொள்கிறேன். இந்த எரிச்சல் அளவுக்கு மீறிப் போனால், அடுக்குகளைக் கூட்டிவிட்டோம் என்று பொருள். குறைக்கப் பாருங்கள்.

திரையில் காட்டும் சங்கதி இங்கேதான் வருகிறது. அப்ளை முடிந்ததும் 'அவுட்புட்ஸ்' என்ற தலைப்பில் தெரிபவை ரூட் மாட்யூலின் அவுட்புட்கள் மட்டும். சைல்ட் மாட்யூலில் அவுட்புட் எழுதிவிட்டு, "ஒண்ணுமே வரலையே" என்று திரையையே பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு இதுதான் விடை. அது வரவேண்டிய இடத்துக்கு வந்துவிட்டது. ரூட் மாட்யூலின் கைக்கு. அதைத் திரையிலும் பார்க்க வேண்டும் என்றால் ரூட்டில் இன்னோர் அவுட்புட் எழுதுங்கள். எழுதியதும் ஒரு அப்ளை தேவை, ஏனென்றால் புது மதிப்பு ஸ்டேட்டில் ஏற வேண்டும். நிஜச் சர்வர் எதுவும் மாறாது என்று பிளானே சொல்லிவிடும், பயப்பட வேண்டாம். அதன்பிறகு 'டெர்ராஃபார்ம் அவுட்புட்' என்ற கமாண்ட் கொடுத்தால் எப்போது வேண்டுமானாலும் படிக்கலாம்.

ஆக, சைல்ட் மாட்யூலின் அவுட்புட் அதைக் கூப்பிட்ட மாட்யூலுக்கு. ரூட் மாட்யூலுக்கு மேலே யாரும் இல்லாததால் அதன் அவுட்புட் திரைக்கும் கமாண்டுக்கும் வருகிறது.

'சென்சிட்டிவ்' எதை மறைக்கிறது?

ரொம்பப் பேர் ஏமாறும் இடம் இது. டேட்டாபேஸின் பாஸ்வேர்டு ஓர் அவுட்புட்டாக வர வேண்டியிருக்கிறது. 'சென்சிட்டிவ் = ட்ரூ' என்று ஒரு வரி சேர்க்கிறோம். திரையில் மதிப்புக்குப் பதிலாக 'சென்சிட்டிவ்' என்ற சொல் மட்டும் தெரிகிறது. ஆஹா, பத்திரம் என்று நிம்மதியாகிவிடுகிறோம்.

அந்த வரி செய்வது அவ்வளவுதான், திரையில் தெரியாமல் மறைப்பது. ஸ்டேட் ஃபைலைத் திறந்தால் பாஸ்வேர்டு பச்சையாகவே உட்கார்ந்திருக்கும். 'டெர்ராஃபார்ம் அவுட்புட்' கமாண்டோடு அந்த அவுட்புட்டின் பெயரையும் சேர்த்துக் கொடுத்தாலே மதிப்பு வந்துவிடும். ஜேசான் வடிவில் (புரோகிராம்கள் படிக்க வசதியான டெக்ஸ்டாக) கேட்டாலும் அப்படியே கொட்டிவிடும். கூட்டம் நிறைந்த மின்சார ரயிலில் ஏ.டி.எம். பின் நம்பரைக் கையால் மறைத்துக்கொண்டு எழுதி, அந்தத் துண்டுச் சீட்டைச் சட்டைப் பையில் வெளியே தெரியும்படி வைத்துக்கொண்ட மாதிரி. ஆகவே காக்க வேண்டியது ஸ்டேட்டை. அது எங்கே இருக்கிறது, யார் படிக்கலாம் என்று கட்டுப்படுத்துங்கள். கோடைச் சேமித்துப் பகிரும் கிட் (Git) கருவியில் ஏற்றவே ஏற்றாதீர்கள். நான் முன்பு 'ஓரிடம் தவிர' என்று சொன்னது இதைத்தான்: ஓப்பன்டோஃபுவில் 2024-இல் வந்த 1.7 பதிப்பிலிருந்து ஸ்டேட்டையே என்கிரிப்ட் செய்யும், அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றும் வசதி இருக்கிறது. தானாக நடக்காது, நாம்தான் அமைக்க வேண்டும்.

சைல்ட் மாட்யூலில் இருந்து ஒரு ரகசிய மதிப்பு ரூட்டின் அவுட்புட்டுக்கு வந்தால், அங்கேயும் அந்த வரியைச் சேர்க்கச் சொல்லி டெர்ராஃபார்ம் எரர் கொடுக்கும். அந்த எரர் வந்தால் உடனே வரியைச் சேர்த்துவிட்டுப் போய்விடாமல், இந்தப் பாஸ்வேர்டு ரூட் வரைக்கும் எதற்கு வருகிறது என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். பெரும்பாலும் வரவேண்டிய அவசியமே இருக்காது.

எதையெல்லாம் வெளியே கொடுக்கலாம்?

'எதற்கும் இருக்கட்டும்' என்று சர்வர் ரிசோர்ஸை முழுசாக ஒரே அவுட்புட்டில் கொடுத்துவிடலாம். டெர்ராஃபார்ம் அனுமதிக்கும். எனக்கு இது பிடிக்காது. முழுசாகக் கொடுத்தால், கூப்பிடுபவர் உள்ளே இருக்கும் எந்த விவரத்தை வேண்டுமானாலும் பிடித்துக்கொள்வார். நாளைக்கு அந்த ஒற்றைச் சர்வரை எடுத்துவிட்டு வேறு ஏற்பாடு செய்ய நினைத்தால், யார் எதைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார்கள் என்று தெரியாமல் கையைக் கட்டிப்போட்டதுபோல் ஆகிவிடும்.

இதையே திருப்பிப் பார்த்தால் அவுட்புட்டின் பெரிய லாபம் தெரியும். உள்ளே 'மெயின்' என்று இருந்த சப்நெட்டின் பெயரை மாற்றுகிறீர்கள், ஒன்றாக இருந்ததை மூன்றாகப் பிரிக்கிறீர்கள். அவுட்புட்டின் பெயரும் பொருளும் அப்படியே இருக்கும்வரை, வெளியே யாரும் தங்கள் ஃபைலில் ஒரு எழுத்தையும் தொட வேண்டாம். அவுட்புட் ஒருவகை வாக்குறுதி. அதனால் அதை நீக்குவதும் பெயர் மாற்றுவதும்தான் ஆபத்தான வேலை. புதிதாகச் சேர்ப்பதில் யாருக்கும் பாதிப்பில்லை. எனவே குறைவாகக் கொடுக்க ஆரம்பியுங்கள், கேட்கும்போது சேர்த்துக்கொள்ளலாம். 'டிஸ்கிரிப்ஷன்' என்ற வரியில் அது என்ன மதிப்பு என்று ஒரு வாக்கியம் எழுதிவையுங்கள். ஆறு மாதம் கழித்து அதைப் படிக்கப்போவது பெரும்பாலும் நீங்களேதான்.

வேறு ஃபோல்டரில், வேறு ஸ்டேட்டோடு ஓடும் இன்னொரு டீமுக்கும் உங்கள் சப்நெட் ஐடி வேண்டியிருக்கலாம். அவர்கள் 'டெர்ராஃபார்ம் ரிமோட் ஸ்டேட்' என்ற வழியில் உங்கள் ரூட் அவுட்புட்களைப் படிக்கலாம். சைல்ட் அவுட்புட்கள் அவர்களுக்குக் கிடைக்காது. ஆனால் இதற்கு உங்கள் ஸ்டேட் முழுவதையும் படிக்கும் அனுமதியை அவர்களுக்குக் கொடுக்க வேண்டும், அதில் அந்தப் பாஸ்வேர்டும் சேர்த்தி. வேண்டிய ஒன்றிரண்டு மதிப்புகளை மட்டும் பொதுவான ஓரிடத்தில் எழுதிவைத்து, அங்கிருந்து எடுத்துக்கொள்ளச் சொல்வது பல இடங்களில் இதைவிடப் பாதுகாப்பு.

காசு செலவில்லாமல் ஓட்டிப் பாருங்கள்

கிளவுட் கணக்கும் கார்டும் இல்லாமலே இதையெல்லாம் வீட்டுக் கம்ப்யூட்டரில் சோதிக்கலாம். 'ரேண்டம்' என்ற புரொவைடரில் (ரிசோர்ஸ்களை உருவாக்க டெர்ராஃபார்ம் பயன்படுத்தும் துணை மென்பொருள்) 'ரேண்டம் பெட்' என்று ஒரு ரிசோர்ஸ் உண்டு. ஏதோ ஒரு செல்லப்பிராணிப் பெயரை உருவாக்கித் தரும், அவ்வளவே. ஒரு ஃபோல்டருக்குள் இன்னொரு ஃபோல்டர் போட்டு, உள்ளே அந்த ரிசோர்ஸை மட்டும் எழுதுங்கள். வெளியே ரூட்டில் அதை மாட்யூலாகக் கூப்பிட்டு, இனிட் (தேவையானதை இறக்கித் தயார் செய்யும் கமாண்ட்), பிறகு அப்ளை ஓட்டுங்கள். ஒன்று சேர்ந்தது என்று சொல்லும், பெயரை மாட்யூலின் அவுட்புட்டாகத் தராது. உள்ளே ஓர் அவுட்புட் எழுதி மறுபடி அப்ளை; கடைசியில் 'அவுட்புட்ஸ்' பகுதி இன்னும் வராது. ரூட்டிலும் ஒன்று எழுதி அப்ளை செய்யுங்கள், வரும். அதற்கப்புறம் உள்ளே இருக்கும் அவுட்புட்டை மட்டும் அழித்துவிட்டு பிளான் ஓட்டி, வரும் எரரை நிதானமாகக் கடைசி வரி வரைக்கும் படியுங்கள்.